நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

ஆண்டு மலர் கைக்கு வந்தவுடன் நாம் முதலில் புரட்டுவது நம் வகுப்புப் புகைப்படம் இருக்கும் பக்கத்தை. அடுத்து, பரிசு பெற்றோர் பட்டியல். பிறகு தோழி எழுதிய கவிதை. பள்ளி ஆண்டறிக்கையை வரிவரியாகப் படிப்பவர் யார்? நாங்கள் படித்ததில்லை. எட்டாம் வகுப்பில் எங்கள் அறிவியல் ஆசிரியைதான் அதைப் படிக்க வைத்தார். அதன் பிறகு நடந்தவற்றையும், அவற்றால் எங்களுக்குத் தோன்றிய கருத்துகளையும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இங்கே எழுதுகிறோம். சில கருத்துகள் பெரியோருக்குக் கசக்கலாம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

அது பள்ளி திறந்த முதல் வாரம். உலகச் சுற்றுச்சூழல் நாளுக்காக 50 மரக்கன்றுகள் வண்டியில் வந்து இறங்கியிருந்தன. விழாவுக்கு விருந்தினர் வருவதாக இருந்தது. வரவேற்புப் பாடலுக்கு ஒத்திகையும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆசிரியையோ நூலகத்திலிருந்து பழைய ஆண்டு மலர்கள் நான்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கன்று நட்டோம் என்று இதில் அச்சிட்டிருக்கிறோம். கூட்டிச் சொல்லுங்கள்" என்றார். 50, 50, 40, 60. மொத்தம் 200. "சரி, வெளியே போய் எண்ணிவிட்டு வாருங்கள்."

வகுப்பை விட்டு வெளியே போகக் கிடைத்ததே என்று துள்ளிக்கொண்டு ஓடினோம். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிய போது யாரும் வாய் திறக்கவில்லை. உயிரோடு நின்றவை 9. இருநூற்றில் ஒன்பது! காய்ந்த குச்சிகளையும் வெறுங்குழிகளையும் எண்ணவே முடியவில்லை. சில இடங்களில் ஒரே குழியில் ஆண்டுதோறும் நட்டிருப்பது தெரிந்தது. பாலித்தீன் பைகளின் துண்டுகள் அடுக்கடுக்காய்க் கிடந்தன.

ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "அந்த ஒன்பது எங்கே நிற்கின்றன?" என்று மட்டும் வினவினார். ஆறு, குழாயடியில். மூன்று, லூர்து அன்னை கெபியைச் சுற்றி. "மாதா காப்பாற்றியிருக்கிறார் டீச்சர்" என்றாள் எங்களில் ஒருத்தி. "காப்பாற்றியிருக்கிறார். தினமும் காலையில் கெபிப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சிஸ்டரின் கையால்" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு ஒரு பாடமும் உள்ளே போய்விட்டது. ஒளிச்சேர்க்கை பற்றி அதற்கு முன் நாங்கள் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை அப்படி உள்ளே போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அவ்வாண்டு ஜூன் 5-ஆம் நாள் நம் பள்ளியில் ஒரு கன்றும் நடப்படவில்லை. இது எளிதில் முடிந்த காரியமன்று. அழைத்த விருந்தினருக்கு என்ன சொல்வது? வந்து இறங்கிய கன்றுகளை என்ன செய்வது? ஆசிரியர் அறையில் பலத்த வாக்குவாதம் நடந்ததாகக் கேள்வி. தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் அந்த ஒன்பது மரங்களையும் தாமே நடந்துபோய்ப் பார்த்தார். மறுநாள் காலை வழிபாட்டில், "இவ்வாண்டு நடமாட்டோம், எண்ணுவோம்" என்று அறிவித்தார். வந்த விருந்தினரும் எங்களோடு சேர்ந்து எண்ணினார். நல்ல மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

இங்கே எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஜூன் 5 என்பது நம் மண்ணையும் மழையையும் பார்த்துக் குறித்த நாளன்று. 1972-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சுற்றுச்சூழல் பற்றி ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாடு தொடங்கிய நாள் அது. அதன் நினைவாகவே அதே ஆண்டு ஐ.நா. பொதுச் சபை அந்நாளை உலகச் சுற்றுச்சூழல் நாளாக்கியது. நல்ல நினைவு, கொண்டாடத் தகுந்தது. 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கி வைத்த வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டுகின்ற ஊர்களுக்கு அது பொருத்தமே. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் இராமநாதபுரம் சீமைக்கு ஆனியும் ஆடியும் என்ன கொண்டுவருகின்றன? காற்றும் புழுதியும்தான். நமக்கு மழை புரட்டாசிக் கடைசியில் முகம் காட்டி ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. இதை நம் வீட்டு அப்பத்தாமார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விதைப்புக்கு ஆனி மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உழவர் எவரும் நம் பக்கத்தில் இல்லை. மரக்கன்றை மட்டும் ஏன் அப்போது நடுகிறோம்? புகைப்படத்துக்காக என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எனவே அந்த 50 கன்றுகளும் சமையற்கட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஐப்பசி வரை காத்திருந்தன. வேர் சுருளாமல் இருக்கப் பழைய அரிசிப் பைகளுக்கு மாற்றினோம். பத்துக் கன்றுகள் அங்கேயே பட்டுப்போயின. முதல் மழை பெய்து மண் ஒரு முழம் நனைந்த பிறகு மீதி 40-ஐ நட்டோம். பூவரசு, புங்கை, வேம்பு, நாவல், இலுப்பை. பாதி பள்ளி வளாகத்தில், பாதி பள்ளிக்குப் பின்னால் உள்ள ஊரணிக் கரையில். ஆட்டுக்கு வேலி வேண்டுமே? சீமைக் கருவேல முள்ளை வெட்டி ஒவ்வொன்றுக்கும் கூடு கட்டினோம். எங்கள் கைகளைப் பார்த்த அன்னையர் அன்று இரவு என்ன சொன்னார்கள் என்பது வேறு கதை.

ஊரணிக் கரையில் பனை விதைகள் 100 ஊன்றினோம். பனை நம் மாநில மரம். பஞ்சத்திலும் பட்டுப்போகாது, யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆகவே ஒன்றும் வீணாகாது என்று கணக்கிட்டிருந்தோம். ஒன்றை மறந்துவிட்டோம். ஊன்றிய விதை முதலில் மேலே முளைப்பதில்லை, கீழேதான் இறங்குகிறது. அவ்வாறு இறங்குவதற்குப் பெயர் பனங்கிழங்கு. தைப்பொங்கலும் வந்துவிட்டது. அந்த நூறில் எத்தனை எவரெவர் வீட்டுப் பானையில் வெந்தன என்பதை இங்கே வெளியிடப் போவதில்லை. எங்கள் வகுப்பிலேயே குற்றவாளிகள் உண்டு.

இனி, பதிவேடு. எங்கள் ஆசிரியை செய்தவற்றுள் நாங்கள் பெரிதென மதிப்பது அதைத்தான். வகுப்பு வருகைப் பதிவேடு போன்ற ஒன்றை வாங்கி, பெயர்கள் எழுதும் இடத்தில் மரங்களின் எண்களை எழுதினார். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் நாங்கள் சுற்றி வந்து ஒவ்வொன்றுக்கும் வருகை எடுக்க வேண்டும். உயிரோடு இருந்தால் 'வந்துள்ளது'. வாடியிருந்தால் 'நலமில்லை'. ஆடு கடித்திருந்தால் அதையும் எழுத வேண்டும். பட்டுப்போனால் பெயரை அடிக்கக் கூடாது. காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும். "தண்ணீர் இல்லை" என்று எழுதினால் ஏற்கமாட்டார். "யார் ஊற்றவில்லை, ஏன் ஊற்றவில்லை?" என்பார். ஒருமுறை எங்களில் ஒருத்தி, "என் முறை, நான் மறந்துவிட்டேன்" என்று தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டாள். அதற்காக அவளை அவர் வெயிலில் நிறுத்தவில்லை, திட்டவுமில்லை. அடுத்த வாரம் அவள் குடத்தோடு முதல் ஆளாய் நின்றாள்.

தேர்வில் விடை தவறினால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. இங்கே தவறினால் ஓர் உயிர் போகிறது. அது காய்ந்து நிற்பதை நாள்தோறும் கடந்து போக வேண்டியிருக்கிறது. பதின்மூன்று வயதில் ஒருவர் நம்மை நம்பி இப்படி ஒரு பொறுப்பைத் தருவது சிறு காரியமா?

கென்யா நாட்டு வங்காரி மாத்தாய் அம்மையாரைப் பற்றி அந்நாள்களில்தான் அறிந்தோம். 1940-இல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளிகளில் விடுதியில் தங்கிப் படித்தவர். நம்மைப் போலவே மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டவர். பின்னாளில், 1977-ஆம் ஆண்டு, அதே ஜூன் 5-ஆம் நாள், நைரோபியில் ஏழு மரங்களை நட்டுத் தம் பணியைத் தொடங்கினார். பசுமை வளைய இயக்கம் என்று அது வளர்ந்தது. 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், 2011-இல் மறைந்தார். இவையெல்லாம் பொது அறிவுப் போட்டிக்கு மனப்பாடம் செய்யும் செய்திகள். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. கன்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்கு அவர் இயக்கம் சிறு தொகை கொடுத்தது, நட்டதற்கன்று, பிழைத்ததற்கு. கன்று பிழைத்து நின்றால்தான் காசு. எங்கள் பதிவேட்டின் கணக்கும் அதுதானே என்று மகிழ்ந்தோம்.

வளாகத்து மரங்களுக்குப் பங்குனி, சித்திரையில் தண்ணீர் எங்கிருந்து வரும்? மதிய உணவுக்குப் பின் தட்டும் டிபன் பாத்திரமும் கழுவும் நீரை ஏன் திருப்பிவிடக் கூடாது என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நல்ல யோசனை என்று ஆசிரியை பாராட்டினார். "முதலில் அந்த நீர் இப்பொழுது எங்கே போகிறது என்று பார்த்து வாருங்கள்" என்றார். சாக்கடையைப் பின்தொடர்ந்தோம். சமையற்கட்டு, விடுதிக் குளியலறை, கைகழுவும் தொட்டி எல்லாவற்றின் நீரும் ஒன்று சேர்ந்து, சுற்றுச்சுவரின் ஓட்டை வழியே வெளியேறி, எழுபது தப்படி ஓடி, ஊரணிக்குள் இறங்கியது.

ஊரணி என்றால் என்னவென்று நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வரும் நாள்களில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வராத நாள்களில் குடங்கள் வரிசையாக நிற்கும். அன்றும் ஓர் அப்பத்தா படிக்கட்டில் உட்கார்ந்து நீரை ஒதுக்கி ஒதுக்கி மொண்டுகொண்டிருந்தார். எங்கள் சீருடையைப் பார்த்தார். "உங்க பள்ளிக்கூடத்துத் தண்ணிதான் தாயி, நுரைநுரையா வருது. சிஸ்டருமார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாங்களும் இருந்துட்டோம்" என்றார். கோபமாய்ச் சொல்லியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு வலித்திராது.

ஊரணி ஏன் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடக்கிறது என்று வகுப்பில் முன்பே கேட்டிருந்தோம். ஊரார் சுத்தமாக வைப்பதில்லை என்று நாங்களே விடையும் சொல்லியிருந்தோம்! சோப்பு நீரும் சோற்றுப் பருக்கையும் பாசிக்கு உரம். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும். மீன் செத்து மிதக்கும். புத்தகத்தில் இருந்தது. அந்தப் பத்திக்கு நேராக எங்கள் பள்ளியின் பெயரை எழுதிவைக்கலாம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று தயங்கினோம். "எழுதுங்கள்; நாம் 200 கன்று நட்டோம் என்று எழுதிய அதே மலர்தானே" என்று தலைமையாசிரியை அவர்களே அனுமதி தந்தார். அவருக்கு எங்கள் நன்றி.

வாய்க்காலைத் திருப்ப வேண்டும் என்றதும் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் புயல் எழுந்தது. "பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, சாக்கடை வெட்ட அனுப்பினோமா?" என்று ஒரு தந்தையார் எழுந்து கேட்டார். பலர் தலையசைத்தனர். நியாயமான கேள்விதான், வயலில் தாம் பட்ட பாடு மகள் படக் கூடாது என்று எண்ணுபவர் அவர். அதற்கு எங்கள் ஆசிரியை மறுமொழி கூறவில்லை. ஒரு தாயார் கூறினார். அவர் ஊரணித் தெருவில் இருப்பவர். "உங்க பிள்ளை கழுவி விட்ட தண்ணியத்தான் எங்க பிள்ளை மொண்டுட்டு வருது. ரெண்டும் ஒரே வகுப்புத்தான்." கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்தத் தந்தையாரே மறு வாரம் ஒரு டிராக்டர் கூழாங்கல் கொண்டுவந்து கொட்டினார் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

வேலை பெரிதன்று. சுவருக்கு உள்ளேயே ஒரு தொட்டி. அதில் பருக்கையும் கசடும் தங்கும். அடுத்து கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய நீண்ட பள்ளம், அதில் கல்வாழை. அதைக் கடந்து வரும் நீர் வாழைக்கும் வளாக மரங்களுக்கும். குழி வெட்டும் கடும்பகுதியைக் கூலிக்கு ஆள் வைத்துத்தான் செய்தோம். நாங்களே செய்ததாகப் பெருமை பேச மாட்டோம். கசடை வாரம் ஒருமுறை அள்ளுவது மட்டும் எங்கள் முறை. நாற்றம் அடிக்கும். முதல் வாரம் மூக்கில் கைக்குட்டை கட்டியவர்கள் மூன்றாம் வாரம் கட்டவில்லை.

ஊரணிக்குள்ளும் வரத்துக்காலிலும் அடர்ந்திருந்த சீமைக் கருவேலத்தை வெட்ட வேண்டும் என்று அடுத்துக் கிளம்பினோம். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த மரம் நம் கண்மாய்களை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பது எல்லாருக்கும் தெரியும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்ட போது மண்வெட்டி எடுக்காத ஊர் இல்லை. "ஒன்றுகூட விடக் கூடாது" என்று வகுப்பில் முழங்கினோம். எங்களில் ஒருத்தி மட்டும் தலை குனிந்திருந்தாள். அவள் தந்தையார் கரிமூட்டம் போடுபவர். அந்த மரம்தான் அவளுக்குச் சீருடையும் புத்தகமும். ஆசிரியை எங்களை அவர் மூட்டத்துக்கே அழைத்துப் போனார். அவர் பகைக்கவில்லை. "தண்ணி ஓடுற எடத்துல நிக்கக் கூடாதுதான். தரிசுல நிக்கறத விடுங்க" என்றார். ஊரணியிலும் வரத்துக்காலிலும் நின்றவற்றை அவரும் அவரைப் போன்றோரும் வேரோடு எடுத்துக் கரியாக்கிக்கொண்டனர். அந்த வேலைக்குப் பள்ளிக்குச் செலவில்லை. முழங்குவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை எங்களில் ஒருவரும் அதுவரை எண்ணவில்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலிலிருந்து மறைக்கல்வி வகுப்பில் ஒரு பகுதி படித்தோம். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, நீரைச் சிக்கனமாய்ச் செலவிடுவது, உண்ணும் அளவே சமைப்பது, குப்பையைப் பிரிப்பது, மரம் நடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது என்று நாள்தோறும் செய்யக்கூடிய சிறு செயல்களை அவர் அதில் எடுத்துக் கூறுகிறார். படித்து முடித்ததும் ஒரு தோழி கேட்டாள்: "இதில் பாதி வீட்டில் அம்மாதானே செய்கிறார்? அண்ணன் செய்வதில்லையே?" சிஸ்டர் சிரித்துவிட்டு, "அண்ணனிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டு" என்றார். படித்துக் காட்டியவர்கள் உண்டு. பலன் பற்றி இன்னும் பதிவேடு போடவில்லை.

இப்போதைய கணக்கைச் சொல்கிறோம். ஐப்பசியில் நட்ட 40-இல் இரண்டு கோடை கழித்து நிற்பவை 27. பட்டுப்போன 13-க்கும் காரணம் எழுதியிருக்கிறோம்: ஆடு தின்றவை 6, மே மாத விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தவை 5, சைக்கிள் இடித்து ஒன்று, காரணம் தெரியாதது ஒன்று. பனை, தரைக்கு மேல் ஓலை காட்டியவை 38. ஊரணியில் நுரை இல்லை. பாசி இன்னும் இருக்கிறது, முன்னைவிடக் குறைவு.

எங்கள் ஆசிரியை இக்கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். விழா எடுக்கிறோம், சால்வை போர்த்துவோம், பிரிவுரை வாசிப்போம், அழுவோம். அவருக்கு அதில் பெரிய நாட்டமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். "பதிவேட்டை யார் வைத்துக்கொள்வார்கள்?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஆகவே பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் எங்கள் வேண்டுகோள் இது. ஜூன் 5-ஆம் நாளை எண்ணும் நாளாக்குங்கள். நடும் நாளை ஐப்பசி மழைக்கு மாற்றுங்கள். ஆண்டு மலரில் நட்ட கணக்கை அச்சிடும்போது அதன் பக்கத்தில் நின்ற கணக்கையும் அச்சிடுங்கள், அது எவ்வளவு சிறிதாயிருந்தாலும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைத் தேர்வு நெருங்குகிறது என்ற காரணத்துக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் அந்த வேளையைக் கொடுத்தும் கணக்கில் தோற்கவில்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்க்கலாம்.

பதிவேடு இப்பொழுது ஒன்பதாம் வகுப்பு அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. சாவி வகுப்புத் தலைவியிடம். கோடை விடுமுறைக்குத் தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலை அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். ஊரணித் தெருத் தோழியர் ஏப்ரல் முழுவதையும் ஏற்றுக்கொண்டார்கள். கரிமூட்டம் போடும் அப்பா மே முதல் வாரத்துக்குத் தம் பெயரைத் தாமே எழுதச் சொன்னார். மே இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்கு எதிரே இன்னும் எவர் பெயரும் இல்லை.